ஒன்றரை மடங்கு வேகம்

எங்கள் குன்றுக்கு இருநூற்றுப் பதினான்கு படிகள்.
சரிவில் ஏறும் மின்தூக்கி பழுதாகி
இது நான்காவது குளிர்காலம்.
அதன் கதவில் நகராட்சி ஒட்டிய அறிவிப்பு மட்டும்
வருடம் தவறாமல் புதிதாகிறது.

கீழே வால்பரைசோ துறைமுகத்தில் விளக்கெரியும் நேரத்துக்கு
மேலே எங்கள் கைபேசிகளிலும் வெளிச்சம்.
குழுவின் பெயர் ‘படிக்கட்டு’.
நூற்றுப் பதினோரு பேர்.
எனக்கு முகம் தெரிந்தவர்கள் ஆறு.

தண்ணீர் வருகிறதா?
எங்களுக்கு இல்லை.
எங்களுக்கும் இல்லை.
காஸ் லாரி போய்விட்டதா?
காது கிழிந்த சாம்பல் பூனை யாருடையது?
யாருடையதும் இல்லை, என் சோபாவில் தூங்குகிறது.
இடையில் யாரோ அனுப்பும் காலை வணக்க ரோஜா,
அதற்கு முப்பது கும்பிடு.

நிபால்டோ எழுதமாட்டார். பேசுவார்.
மூன்று நிமிடம், நான்கு நிமிடம்,
ஒருமுறை ஏழு.
தெருவிளக்கு. நாய்க்கழிவு.
அறுபத்திரண்டாம் படியின் வளைவில்
எவரோ வைத்துத் தொலைத்த பூந்தொட்டி.
வைத்தது நான்.
இரண்டு வருடமாக அந்தக் குரலை
ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டே
பல் துலக்கினேன், முட்டை பொரித்தேன்,
சுடச்சுடப் பதிலும் போட்டேன்.
மூச்சு விடாமல் திட்டுகிற
ஓர் அவசரக்காரனை
என் காதுக்குள் நானே செய்துவைத்திருந்தேன்.

ஜூலையில், மழை விட்ட சனிக்கிழமை
யாஸ்னா ஒரு படம் போட்டாள்:
நடைபாதையில் தனியாக நிற்கும் ஃபிரிட்ஜ்.
அடியில் ஒரு வரி.
‘இது கீழே. நான் மேலே.
கடைக்காரர் படியை அண்ணாந்து பார்த்தார், போய்விட்டார்.’

சிரித்த முகங்கள் வரிசையாக வந்தன.
அப்புறம் ஒன்றுமில்லை.
எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்,
என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே
இறங்கிப் போகும் காலடிகள்.

முழங்கை வரை மாவோடு எலிசியோ.
மீன்பிடிக் கயிற்றோடு பர்ரியென்டோஸ் வீட்டு இருவர்.
சுவரில் உரசாமலிருக்கத் தன் மெத்தைப் போர்வையை
உருவிக்கொண்டே வந்த ஒர்த்தென்சியா.
குழுவில் வெறும் மலைப்படமாக இருந்தவள்
நேரில் எட்டு மாதக் கர்ப்பிணி.
அவளைத் தொடக்கூட விடவில்லை.
படி எண்ணுகிறேன் என்றாள்,
எண்ணினாள், இரண்டு முறை தப்பாக.

அறுபத்திரண்டில் ஃபிரிட்ஜ் திரும்ப மறுத்தது.
என் தொட்டி.
ஃபிரிட்ஜின் அந்தப் பக்கமிருந்து, முகம் தெரியாமல்,
ஒரு குரல் சொன்னது:
‘மெதுவா…
கொஞ்சம்…
இறக்குவோம்.’
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில்
ஒரு படியில் உட்கார்ந்து எழுந்து வருகிற குரல்.
வேறு யாரோ என்றுதான் நினைத்தேன்.
பிறகு அது ‘தெருவிளக்கு’ என்றது.

தொட்டியை நகர்த்தினேன்.
அவர் எட்டிப் பார்த்தார். தடித்த கண்ணாடி,
ஒரு பக்கம் நூல் சுற்றிய காது வளையம்.
‘ஜெரேனியமா?’
ஆமாம்.
‘தண்ணீர்… அதிகம்… விடுகிறீர்கள்.’

மேலே போய்ச் சேர்ந்தபோது மின்சாரம் இல்லை.
ஆனாலும் உள்ளே பீர் வைத்தார்கள்,
ஃபிரிட்ஜை மூடி, மரியாதைக்கு ஐந்து நிமிடம் காத்திருந்து,
வெதுவெதுப்பாகவே எடுத்துக் குடித்தோம்.
யாஸ்னா அழுதாளா, மூக்கடைப்பா, தெரியவில்லை.

அன்றிரவு ஒரு குரல் பதிவு.
நான்கு நிமிடம் பதினொரு நொடி.
பழக்கத்தில் வேகத்தை அழுத்தப் போன விரலை
எடுத்துவிட்டேன்.
தெருவிளக்கைப் பற்றித்தான்.
மூன்றாம் நிமிடத்திலும் தெருவிளக்கைப் பற்றித்தான்.
அந்த இடைவெளிகளுக்குள்
கெட்டில் கொதிப்பது கேட்டது,
அவர் எழுந்து போய் அதை அணைப்பதும்,
காற்றில் ஒரு கதவு அடித்துக்கொள்வதும்.
சற்று முன்பு என் கதவும் அடித்ததே,
அதே காற்றுதான்.

அவர் கேட்கிற இடத்தில் விளக்கு வந்தால்
என் படுக்கையில் வெளிச்சம் விழும்.
நாளைக்கு எழுதவேண்டும், சம்மதமில்லை என்று.
இல்லை,
பேசியே அனுப்பலாம்.